விழுபொருளின் விதி கண்ட கலீலியோ

மரத்திலிருந்து கனி விழுவதையும் மாடத்திலிருந்து கல் விழுவதையும் மனிதன் தோன்றிய நாள்தொட்டுக் கண்டு வருகிறான். கீழே வர வர அதன் வேகம் கூடுகிறது என்பதையும், உயரம் மிகுந்தால் அடியும் மிகும் என்பதையும் சிறு பிள்ளையும் அறியும். ஆயினும், அவ்வேகம் எந்தக் கணக்கில் கூடுகிறது என்னும் வினாவை அளவுகோலும் கையுமாக நின்று கேட்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் இத்தாலிய அறிஞர் கலீலியோ கலிலி ஆவார்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணித, இயற்பியல் அறிஞர் ஒருவரின் வாழ்வை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. இலக்கியம் பயில வரும் மாணவர் பலர் பள்ளிப் படிப்போடு கணக்குக்கு விடை கொடுத்தவர்கள். இருபடிச் சமன்பாடு என்றால் தேர்வறையின் அச்சமே அவர்தம் நினைவில் நிற்கும். நாமும் அவ்வகையினரே. அச்சமன்பாட்டின் பின்னே ஒரு மனிதரின் நெடுநாள் உழைப்பும், அவர் செய்த பிழையும், அப்பிழையைத் தாமே திருத்திக்கொண்ட நேர்மையும் உள்ளன என்பதை மாணவப் பருவத்தில் நாம் அறிந்திருக்கவில்லை. கலீலியோ என்றதும் தொலைநோக்கியும், பூமி சுற்றுகிறது என்ற கொள்கைக்காக அவர் பெற்ற தண்டனையும் பலருக்கும் நினைவுக்கு வரும். அவர் வாழ்நாள் முழுதும் சுமந்து சென்று, முதுமையில் இறக்கி வைத்த மற்றொரு பணியை, விழும் பொருளின் இயக்கத்தைக் கணக்கில் வடித்த பணியை, இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

பிறப்பும் இளமையும்

கலீலியோ 1564ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். தந்தையார் வின்சென்சோ கலிலி. தாயார் ஜூலியா அம்மன்னாத்தி. தந்தையார் லூட் என்னும் நரம்பிசைக் கருவியில் வல்லவர். இசைக் கோட்பாட்டிலும் ஆழ்ந்த புலமையுடையவர். புகழ் இருந்த அளவுக்குப் பொருள் இல்லாத குடும்பம் அது.

தந்தையார் செய்த ஆய்வொன்றை இங்கே குறிப்பிடல் வேண்டும். இழுத்துக் கட்டிய நரம்பில் இரு மடங்கு எடையைத் தொங்கவிட்டால் சுருதி ஒரு மண்டிலம் உயரும் என்று பல நூற்றாண்டுகளாக நூல்கள் கூறி வந்தன. வின்சென்சோ எடைகளைத் தொங்கவிட்டுத் தாமே கேட்டுப் பார்த்தார். ஒரு மண்டிலம் உயர வேண்டுமாயின் எடை இரு மடங்கன்று, நான்கு மடங்கு வேண்டும் எனக் கண்டார். இரண்டின் வர்க்கம் நான்கு அன்றோ? முன்னோர் எழுதி வைத்ததைக் காதால் சோதித்துப் பார்க்கும் துணிவும், அச்சோதனையில் வெளிப்பட்ட வர்க்கக் கணக்கும் அவ்வீட்டிலேயே இருந்தன என்பது எண்ணி மகிழத்தக்கது.

மகன் மருத்துவராக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அவ்வாறே 1581இல் பீசாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார் கலீலியோ. ஆனால், தசுக்கனி அரண்மனைப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து வந்த ஒஸ்தீலியோ ரிச்சி என்பாரின் பாடத்தைக் கேட்டதும் அவர் உள்ளம் யூக்ளிடையும் ஆர்க்கிமிடீசையும் நாடிச் சென்றது. 1585இல் பட்டம் பெறாமலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். தனிப்பாடம் சொல்லிக் காலம் தள்ளினார். 1589இல் எப்பல்கலைக்கழகத்தைப் பட்டமின்றி விட்டுச் சென்றாரோ, அதே பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியராக அமர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 60 ஸ்கூடி என்னும் சிறு தொகையே.

கோபுரக் கதையும் உண்மையும்

அக்காலத்தில் அறிஞர் உலகை ஆண்டவர் கிரேக்கத்து அரிஸ்டாட்டில். எடை மிகுந்த பொருள் அவ்வெடைக்கு ஏற்ப விரைந்து விழும் என்பது அவர் வழி வந்த கொள்கை. கலீலியோ பீசாவின் சாய்ந்த கோபுரத்தின் மீதேறி, வெவ்வேறு எடையுள்ள குண்டுகளை விழச் செய்து அக்கொள்கையைத் தகர்த்தார் என்னும் கதையை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். இச்செய்தியை எழுதியவர் கலீலியோவின் இறுதிக்கால மாணவர் விவியானி. கலீலியோவின் நூல்களில் பீசாக் கோபுரத்தில் செய்த சோதனையாக இது காணப்படவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் என்பார், ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து விழச் செய்து, இரண்டின் ஓசையும் ஒன்றாகவே கேட்டதை 1586இல் அச்சேற்றி விட்டார்.

கோபுரக் கதையைவிட நமக்குப் பயன் தருவது வேறொன்று. பீசாவில் இருந்த நாளில் கலீலியோ இயக்கம் பற்றிச் சுவடிகள் சில எழுதினார். அவற்றில் அரிஸ்டாட்டிலை மறுத்தார். ஆனால் அவர் கண்ட மாற்றுக் கொள்கையும் பிழையாகவே இருந்தது. பொருளின் அடர்த்திக்கேற்ற நிலையான வேகம் ஒன்று உண்டு என்றும், தொடக்கத்தில் வேகம் கூடுவது தற்காலிக நிகழ்ச்சி என்றும் அப்போது அவர் எண்ணினார். எண்ணியது நிறைவு தராமையால் போலும், அச்சுவடிகளை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவே இல்லை.

பாதுவாவில் 18 ஆண்டுகள்

1591இல் தந்தையார் காலமானார். மூத்த மகன் என்ற முறையில் குடும்பப் பாரம் கலீலியோவின் தோளில் விழுந்தது. தங்கையருக்குத் தருவதாக ஒப்பிய சீர்வரிசைப் பணம் பல ஆண்டுகள் அவரைக் கடனாளியாகவே வைத்திருந்தது. 1592இல் வெனிசு ஆட்சிக்குட்பட்ட பாதுவாப் பல்கலைக்கழகத்தில் 180 புளோரின் சம்பளத்தில் கணிதப் பேராசிரியரானார். அதுவும் போதாமையால் மாணவர்களை வீட்டில் தங்க வைத்துப் பாடம் சொன்னார். கணிப்புக் கருவிகள் செய்து விற்றார். மரினா காம்பா என்னும் பெண்மணியின் வழி இரு பெண்மக்களும் ஓர் ஆண்மகனும் அவருக்குப் பிறந்தனர். பணத்தட்டுப்பாடு மிகுந்த இப்பாதுவா ஆண்டுகளில்தான் விழுபொருளின் விதி அவர் கைக்கு எட்டியது.

இவ்வாய்வில் உள்ள இடர்ப்பாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கையை விட்ட கல் முதல் ஒரு நொடியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் விழுந்து விடுகிறது. இத்தகைய சிறு காலத்தைத் துல்லியமாக அளக்கும் கடிகாரம் அவரிடம் இல்லை. கண் இமைப்பதற்குள் முடிந்து விடும் நிகழ்ச்சியை அளப்பது எவ்வாறு? இங்கேதான் கலீலியோவின் நுண்ணறிவு வெளிப்படுகிறது. நேராக விழும் பொருளைச் சாய்ந்த பலகையில் உருள விட்டால், அதே இயக்கம் மெதுவாக நிகழும் என அவர் உணர்ந்தார். வேகத்தைப் பிடிக்க ஓடாமல், வேகத்தைத் தணித்துத் தம் அளவுக்குக் கொண்டு வந்தார்.

சோதனை நடந்த முறையை அவர் பின்னாளில் தம் நூலில் விரித்துரைத்துள்ளார். ஏறத்தாழ 12 முழம் நீளமுள்ள மரச்சட்டம்; அதன் விளிம்பில் நேராக வெட்டிய பள்ளம்; பள்ளத்தில் வழவழப்பான தோல்தாள் ஒட்டப்பட்டது. நன்கு உருட்டி இழைத்த வெண்கலக் குண்டு அதில் உருளும். சட்டத்தின் ஒரு முனையை ஒன்றிரண்டு முழம் உயர்த்தி வைத்தார். காலத்தை அளக்கப் பெரிய பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பி, அடியில் மெல்லிய குழாய் பொருத்தினார். குண்டு உருளும் நேரத்தில் வழிந்த நீரைக் கிண்ணத்தில் ஏந்தி, நுண்ணிய தராசில் நிறுத்தார். நம் முன்னோரின் நாழிகை வட்டிலும் நீரைக் கொண்டே காலத்தை அளந்தது. இவரோ நீரின் எடையைக் கொண்டு அளந்தார். நூறு முறை செய்து பார்த்தும், நாடித் துடிப்பில் பத்தில் ஒரு பங்களவுகூட வேறுபாடு காணவில்லை என்று அவர் எழுதுகிறார்.

இவ்வளவு எளிய கருவிகளால் இத்துணை நுட்பம் கிட்டுமா என்று 20ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தர் கொய்ரே முதலிய வரலாற்றறிஞர் ஐயுற்றனர். தாமஸ் செட்டில் என்னும் ஆய்வாளர் 1961இல் அதே வகைக் கருவிகளைக் கொண்டு அச்சோதனையைச் செய்து காட்டி, அது இயலக்கூடியதே என நிறுவினார். பின்னர், ஸ்டில்மன் டிரேக் என்பார் புளோரன்ஸ் தேசிய நூலகத்தில் உள்ள கலீலியோவின் கைக்குறிப்புத் தாள்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றில் 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104 என எட்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. அவற்றின் அருகே 1, 4, 9, 16, 25, 36, 49, 64 என்னும் வர்க்க எண்கள் எழுதப்பட்டுள்ளன. சம கால அளவுகளில் குண்டு கடந்த தொலைவுகளே முதல் வரிசை என்பது டிரேக்கின் முடிவு. 33ஐ 64ஆல் பெருக்கினால் 2112 வரும். அளந்து கண்டதோ 2104. வேறுபாடு 8 புள்ளிகள் மட்டுமே. ஒரு புள்ளி என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில் இவ்வளவே பிழை என்றால் அவ்வுழைப்பின் செம்மையை என்னென்பது! இவ்வளவீட்டில் சம கால இடைவெளிகளை அவர் தாளம் கொண்டு செவியால் உணர்ந்திருக்கலாம் என்றும் டிரேக் கருதினார். இசைவாணரின் மகனுக்கு அது அரிதன்று.

சரியான விடை, தவறான காரணம்

இவ்வாறு கண்ட உண்மை இது: விழுபொருள் கடக்கும் தொலைவு, காலத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. காலம் இரு மடங்கானால் தொலைவு நான்கு மடங்கு; மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஒவ்வொரு சம கால இடைவெளியிலும் தனித்தனியே கடக்கும் தொலைவுகளோ 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்களின் வரிசையில் அமைகின்றன. 1604ஆம் ஆண்டு அக்டோபரில் தம் நண்பர் பாவலோ சார்பிக்கு எழுதிய மடலில் கலீலியோ இவ்விதியைத் தெரிவித்தார்.

ஆனால், அம்மடலிலேயே பிழை ஒன்றும் இருந்தது. இவ்விதிக்கு அடிப்படைக் காரணமாக, விழுந்த தொலைவுக்கு ஏற்ப வேகம் கூடுகிறது என்று அவர் எழுதினார். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இக்கூற்று உண்மையில் பொருந்தாது. 4 முழம் விழும் பொருளைவிட 8 முழம் விழும் பொருளுக்கு எங்கும் இரு மடங்கு வேகம் இருக்குமானால், இரு மடங்கு தொலைவை இரு மடங்கு வேகத்தில் கடந்து, இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். எவ்வுயரத்திலிருந்து விழுந்தாலும் ஒரே நேரமே ஆகும் என்ற நகைப்புக்கிடமான முடிவுக்கு அது இட்டுச் செல்லும்.

விடை சரியாக இருந்தது. காரணம் தவறாக இருந்தது. தேர்வுத்தாளில் விடை சரி என்றால் மதிப்பெண் கிடைத்து விடும். கலீலியோ அதனோடு அமைதி கொள்ளவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் இதனைத் திரும்பத் திரும்ப எண்ணி, வேகம் கூடுவது தொலைவுக்கு ஏற்ப அன்று, காலத்திற்கு ஏற்பவே என்னும் தெளிவுக்கு வந்தார். சம காலங்களில் சம அளவு வேகம் கூடும் இயக்கமே சீரான முடுக்கம். அதைவிடச் சிறப்பு, தாமும் ஒரு காலத்தில் அப்பிழையில் இருந்ததை அவர் பின்னாளில் தம் நூலிலேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டமையாகும். புகழின் உச்சியில் இருந்த முதியவர் தம் பழைய பிழையை மறைக்காமல் உலகுக்கு எழுதி வைத்தார் என்பதை மாணவர்களும் ஆசிரியர்களாகிய நாமும் நினைவில் இருத்தல் வேண்டும்.

இருபடிச் சார்பின் வடிவம்

இன்றைய பாடநூல் மொழியில் சொன்னால், நிலைநின்ற பொருள் கைவிடப்பட்டுக் கடக்கும் தொலைவு மீட்டர் கணக்கில், 4.9 பெருக்கல் நொடிகளின் வர்க்கம் ஆகும். தொடக்க உயரத்திலிருந்து இதனைக் கழித்தால் அந்நேரத்தில் பொருள் இருக்கும் உயரம் கிடைக்கும். இதுவே இருபடிச் சார்பு. ஏறத்தாழ 56 மீட்டர் உயரமுள்ள பீசாக் கோபுரத்தின் உச்சியிலிருந்து குண்டு விழ எத்தனை நொடியாகும்? 56ஐ 4.9ஆல் வகுத்தால் 11.43, அதன் வர்க்கமூலம் 3.38. ஆகவே, காற்றின் தடையைப் பொருட்படுத்தாவிட்டால், மூன்றரை நொடிக்கும் சற்றுக் குறைவான காலத்தில் குண்டு தரையைத் தொடும்.

இக்கணக்கை நாம் போடும் முறைக்கு வேறொரு பெரியாரும் நன்றிக்குரியவர். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கலீபா மாமூன் காலத்துப் பாக்தாதில் வாழ்ந்த முகம்மது இப்னு மூசா அல் குவாரிஸ்மி இருபடிச் சமன்பாடுகளை முறைப்படுத்தி நூல் செய்தார். அந்நூற்பெயரில் உள்ள அல்ஜபர் என்னும் சொல்லே பின்னர் அல்ஜீப்ரா என்று வழங்கலாயிற்று. சமன்பாடுகளை அவர் ஆறு வகையாகப் பகுத்தார். வர்க்கங்கள் எண்ணுக்குச் சமமாவது ஒரு வகை. மேலே கண்ட கோபுரக் கணக்கு அவ்வகையே. வர்க்கங்களும் மூலங்களும் சேர்ந்து எண்ணுக்குச் சமமாவது மற்றொரு வகை. 75 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி எறிவதாகக் கொள்வோம். எளிமைக்காக 4.9ஐ 5 என வைத்துக்கொண்டால், நொடிகளின் வர்க்கம் ஐந்தும் நொடிகள் பத்தும் சேர்ந்து 75 ஆகும். எல்லாவற்றையும் ஐந்தால் வகுக்க, ஒரு வர்க்கமும் இரண்டு மூலமும் 15 ஆகும். அல் குவாரிஸ்மி காட்டிய வழியில், இரண்டில் பாதியாகிய ஒன்றின் வர்க்கத்தை இரு பக்கமும் கூட்டினால் 16 என்னும் நிறைவர்க்கம் கிடைக்கிறது. அதன் மூலம் 4. அதில் ஒன்று போக 3. கல் மூன்று நொடியில் தரையைத் தொடும்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கலீலியோ இச்சமன்பாட்டு முறையைக் கையாளவில்லை. யூக்ளிடின் விகிதங்களையும் வடிவங்களையும் கொண்டே தம் விதியை நிறுவினார். விழுபொருள் விரைவடைவதன் காரணம் பற்றிப் பாக்தாதில் 12ஆம் நூற்றாண்டின் அபுல் பரகாத்தும், சீராகக் கூடும் வேகத்தின் வடிவக் கணிதம் பற்றிப் பாரிசில் 14ஆம் நூற்றாண்டின் ஒரேமும் முன்னரே சிந்தித்திருந்தனர். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு மொழியில் ஓடிய ஓடைகள் பிற்காலத்தில் ஒன்றுகூடியே இன்று நம் பிள்ளைகள் படிக்கும் பாடமாகியிருக்கின்றன. கலீலியோவின் தனிச்சிறப்பு, சிந்தனையை அளவையால் சோதித்துப் பார்த்தமையே.

இருபடிச் சார்பை வரைபடத்தில் வரைந்தால் பரவளையம் தோன்றும். இவ்வடிவத்தை எறிபொருளின் பாதையிலேயே கலீலியோ கண்டார். மேசைமீது உருட்டிவிடப்பட்ட குண்டு விளிம்பைத் தாண்டியதும் முன்னோக்கிச் சம வேகத்தில் செல்கிறது. அதே வேளையில் கீழ்நோக்கிக் காலத்தின் வர்க்கத்திற்கேற்ப விழுகிறது. இரண்டும் சேர்ந்து பரவளையமாகின்றன. இதற்கான சோதனைத் தாளும் புளோரன்சில் உள்ளது. 300 புள்ளி உயரத்திலிருந்து உருண்டு வந்த குண்டு 800 புள்ளி தொலைவில் விழுந்தது. உயரத்தை 600 ஆக்கினால் 1131இல் விழ வேண்டும் என்பது கணக்கு, விழுந்ததோ 1172இல். கணக்கையும், கண்டதையும், இரண்டின் வேறுபாட்டையும் அவர் மறைக்காது எழுதி வைத்துள்ளார்.

புகழும் தீர்ப்பும்

1609இல் தொலைநோக்கி பற்றிய செய்தி கேட்டு, தாமே அதனைச் செம்மையாகச் செய்து வானை நோக்கினார் கலீலியோ. 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். அவ்வாண்டே புளோரன்ஸ் அரசவையின் தலைமைக் கணித அறிஞராகவும் தத்துவ அறிஞராகவும் உயர்ந்தார். இயக்கம் பற்றிய குறிப்புகள் பெட்டியில் உறங்கின. பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்னும் கொள்கையை அவர் ஆதரித்தமையால் 1616இல் திருச்சபை அவரை எச்சரித்தது. 1632இல் அவர் வெளியிட்ட உரையாடல் நூலோ பெரும் சினத்தை எழுப்பிற்று. அறிஞர் மொழியாகிய இலத்தீனில் எழுதாது, மக்கள் பேசும் இத்தாலிய மொழியில் அந்நூலை அவர் எழுதினார் என்பது தாய்மொழி கற்பிக்கும் நமக்குக் குறிப்பிடத்தக்க செய்தியாகும்.

1633 ஜூன் 22ஆம் நாள், 69 வயது நிரம்பிய அம்முதியவர் ரோமாபுரியில் மண்டியிட்டுத் தம் கொள்கையைக் கைவிடுவதாக உறுதி கூற வைக்கப்பட்டார். சிறைத்தண்டனை வீட்டுக்காவலாக மாற்றப்பட்டது. அவர் இறைநம்பிக்கையை ஒருபோதும் கைவிட்டவர் அல்லர். இறைவன் படைத்த உலகை ஆராய்வது இறைவனுக்கு எதிரானதாகாது என்றே கருதினார். ஆயினும் அன்றைய அதிகாரம் அதனை ஏற்கவில்லை. 1992ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், அந்நாளைய இறையியலார் செய்தது பிழை என்பதை ஏற்றுக்கொண்டார்.

ஆர்செத்ரியில் இறுதி ஆண்டுகள்

தீர்ப்புக்குப் பின் சியன்னா நகரப் பேராயர் பிக்கோலோமினி அவரைத் தம் இல்லத்தில் அன்போடு வைத்துப் பேணினார். பேச்சும் எழுத்தும் அடக்கப்பட்ட அந்நேரத்தில் கலீலியோவின் நெஞ்சம் பாதுவா நாட்களின் சாய்பலகைக்கே திரும்பியது. முப்பதாண்டுகளாக நூலாகாதிருந்த இயக்கக் கணக்கை எழுதத் தொடங்கினார்.

1633 டிசம்பரில் புளோரன்சை அடுத்த ஆர்செத்ரியில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்ப இசைவு கிடைத்தது. அருகிலிருந்த கன்னிமாடத்தில் துறவியாக இருந்தவர் அவருடைய மூத்த மகள் மரியா செலஸ்தே. தந்தைக்கு விதிக்கப்பட்ட வழிபாட்டுத் தண்டனையைத் தாமே ஏற்று, வாரந்தோறும் அவருக்காகத் திருப்பாடல்களை ஓதி வந்த அன்பு மகள் அவர். தந்தை வீடு திரும்பி நான்கு திங்கள் ஆவதற்குள், 1634 ஏப்ரல் 2ஆம் நாள், 33ஆம் வயதில் அவர் மறைந்தார். அத்துயரத்தில் கலீலியோவின் உடல்நிலை குன்றியது. 1637இல் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. அவ்வாண்டின் முடிவுக்குள் மறு கண்ணும் இருண்டது. பேரண்டத்தைத் தொலைநோக்கியால் விரித்துக் காட்டிய கண்கள் அவை.

இவற்றினூடே நூல் முடிந்தது. அவருடைய எழுத்துகளை அச்சிடத் தடை இருந்தமையால் கைப்படி நாடு கடந்து சென்று, 1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் எல்செவிர் பதிப்பகத்தாரால் வெளியிடப்பட்டது. பொருள்களின் வலிமை, இயக்கம் ஆகிய இரு புதிய அறிவியல்களைப் பற்றியது அந்நூல். மூன்று நண்பர்கள் நான்கு நாட்கள் உரையாடுவதாக அமைந்தது. அதில் வரும் ஒரு வாதம் எளிமையால் வியக்க வைப்பது. பெரிய கல் விரைவாகவும் சிறிய கல் மெதுவாகவும் விழும் என்றால், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் என்னாகும்? சிறியது பெரியதைத் தடுக்க, வேகம் குறைய வேண்டும். கட்டிய கல்லோ எடை மிகுந்தது. ஆகவே வேகம் கூடவும் வேண்டும். ஒன்றே குறைவதும் கூடுவதும் எங்ஙனம்? எனவே எடைக்கும் விழும் வேகத்திற்கும் தொடர்பில்லை. காணும் வேறுபாடு காற்று முதலிய ஊடகத்தின் தடையால் வருவது.

1642 ஜனவரி 8ஆம் நாள், 77ஆம் வயதில், விவியானி, டொரிசெல்லி ஆகிய மாணவர்கள் உடனிருக்கக் கலீலியோ உயிர் நீத்தார். சிறப்பான கல்லறை எழுப்ப அன்று இசைவில்லை. 1737இல்தான் அவர் உடல் புளோரன்சின் சாந்தா குரோசே ஆலயத்துள் உரிய நினைவுச் சின்னத்தின் கீழ் வைக்கப்பட்டது.

விதி நிலைத்த வரலாறு

கலீலியோவின் எண்கள் யாவும் சரியல்ல. இரும்புக் குண்டு 100 முழம் விழ 5 நொடியாகும் என அவர் 1632 நூலில் எழுதினார். அது உண்மையில் மூன்றரை நொடிக்குள் விழுந்து விடும். ஆயினும் எண் மாறினாலும் விதியின் வடிவம் மாறவில்லை. பூமி சுற்றும் கொள்கையை ஏற்காத இயேசு சபைத் துறவி ரிச்சியோலி, பொலோஞா நகரில் ஏறத்தாழ 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லிக் கோபுரத்திலிருந்து குண்டுகளை விழச் செய்து பல முறை அளந்தார். 1, 3, 5, 7 என்னும் வரிசையே அவருக்கும் கிட்டியது. அதனை மறைக்காமல் 1651இல் தம் நூலில் வெளியிட்டார். கொள்கையால் மாறுபட்டவரும் உண்மைக்குத் தலைவணங்கிய அப்பண்பு போற்றத்தக்கது. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், காற்றில்லாத நிலவில் நின்று அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் ஒரு கையிலிருந்து சுத்தியலையும் மறு கையிலிருந்து இறகையும் விட்டார். இரண்டும் ஒருங்கே தரையைத் தொட்டதை உலகம் கண்டது.

நிறைவாக, எம் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். கலீலியோவைத் தண்டனை பெற்றவராக மட்டும் நினைப்பது அவருக்குச் செய்யும் முழு நீதியாகாது. ஒரு பலகை, ஒரு குண்டு, சிறிது நீர் ஆகியவற்றைக் கொண்டு இயற்கையின் விதியொன்றை அளந்தவர் அவர். அளந்து கண்டது சரியாக இருந்தும், அதற்குத் தாம் கூறிய காரணம் பிழை எனத் தெரிந்தபோது நாணாமல் திருத்திக்கொண்டவர். மகள், பார்வை என ஒவ்வொன்றாக இழந்த பின்னும் எடுத்த பணியை முடித்து வைத்தவர். கணக்கில் ஆர்வம் இல்லாதவர்களும் விடுமுறை நாளொன்றில் ஒரு சாய்பலகையில் குண்டை உருட்டி, தாளமிட்டு, அது சென்ற தூரத்தைக் குறித்துப் பாருங்கள். ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என்னும் அதே வரிசை, நானூறு ஆண்டுகளுக்கு முன் அவர் தாளில் எழுதிய அதே எண்கள், உங்கள் வீட்டுக் கூடத்திலும் கிடைக்கும்.